நேராகப் பேசுபவர்: ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் ‘எல்டர்’ என்பவர் யார்?

மெல்பர்ன் மைதானத்தில் பாக்ஸிங் டே டெஸ்ட் தொடங்கும் முன் ஒருவர் வந்து நின்று, தம் மக்களின் மண்ணுக்கு வந்தவர்களை வரவேற்றுச் சில வார்த்தை பேசுவதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். ‘வுருண்ட்ஜெரி எல்டர்’ என்று அறிவிப்பார்கள். வுருண்ட்ஜெரி என்பது மெல்பர்ன் மண்ணுக்கு உரிய தொல்குடி மக்களின் பெயர். தமிழில் எழுதும்போது இது ‘பழங்குடித் தலைவர்’ ஆகிவிடுகிறது. சிலர் ‘ஆதிவாசி மன்னர்’ என்கிறார்கள், சிலர் வெறுமனே ‘வயதான பழங்குடி’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றுமே பிழை. அதிலும் ‘மன்னர்’ என்பது வெள்ளை அரசு வேண்டுமென்றே பரப்பிய பிழை.

எல்டர் யார், அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது, குடியேற்ற ஆட்சி வந்தபிறகு அந்த அதிகாரத்துக்கு என்ன ஆனது என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே விளக்கிவிடலாம். அவர் வில்லியம் பராக். இயற்பெயர் பெருக். அது மர வகை ஒன்றின் தண்டுக்குள் வாழும் வெள்ளைப் புழுவைக் குறிக்கும் சொல். இன்றைய மெல்பர்னுக்குக் கிழக்கே 1824 வாக்கில் பிறந்தார். அவர் பிறந்தபோது அந்த மண்ணில் வெள்ளையர் ஊர் ஒன்றுகூடக் கிடையாது. 1903-இல் அவர் இறந்தபோது ஆஸ்திரேலியா என்ற புதிய நாட்டுக்கு வயது இரண்டு. இரண்டு உலகங்களையும் முழுதாகப் பார்த்தவர் என்பதால்தான் இந்தத் தேர்வு.

வயதானவர் எல்லாரும் எல்டர் இல்லை

ஒரு ஊரில் வாய்க்கால் தகராறு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதவியில் இருப்பவர் ஒருவர், எல்லாரும் போய்க் கேட்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவருக்குச் சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை, காவலர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னால் இரு தரப்பும் அடங்கும். நியாயமாகச் சொல்வார் என்ற நம்பிக்கைதான் அவருடைய முழு முதலீடு. ஒருமுறை ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் மறுமுறை அவரிடம் யாரும் போகமாட்டார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத பரம்பரைச் சொத்தை வீட்டுக்கு மூத்தவர் பார்த்துக்கொள்கிறார். யாரை உள்ளே விடுவது, எந்த மரத்தை வெட்டுவது என்று அவர் சொல்லலாம். ஆனால் விற்க முடியாது. அது அவருடையது அல்ல. அவர்தான் அதற்குப் பொறுப்பு.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்தால் எல்டரின் உருவம் ஓரளவு தெரியும். இனி உண்மையான அமைப்புக்கு வருவோம்.

மெல்பர்னைச் சுற்றியுள்ள நிலப்பகுதியின் மக்கள் ஐந்து மொழிக்குழுக்களாக இருந்தார்கள். வொய்வுருங், பூன்வுருங், டவுங்குருங், வதவுருங், ஜாஜாவுருங். ஐந்தையும் சேர்த்துச் சொல்லும் பெயர் குலின். ஒவ்வொரு மொழிக்குழுவிலும் பல குலங்கள். குலம் என்பது ஒரு குறிப்பிட்ட நிலத்துக்குப் பரம்பரையாகப் பொறுப்பேற்ற உறவுக்கூட்டம். வொய்வுருங் மொழி பேசிய வுருண்ட்ஜெரி மக்களில் ஒரு குலம்தான் பராக்குடையது. ‘வுருன்’ என்பது அவர்கள் மண்ணின் யூகலிப்டஸ் மரம் ஒன்று, ‘ஜெரி’ அதில் வாழும் புழு.

குலத்தின் சார்பில் பேசும் உரிமை பெற்றவருக்கு நுருங்கெட்டா என்று பெயர். (அவர்கள் ஒலிப்பில் முதலெழுத்து ‘ஙு’. நாம் சொல்லின் முதலில் அந்த எழுத்தை வைத்துப் பழகவில்லை என்பதால் ‘நு’ என்று எழுதுகிறேன்.) பராக்கின் தந்தை பெபெஜான் ஒரு நுருங்கெட்டா. தந்தையின் உடன்பிறந்தவர் முறையான பில்லிபெல்லரி இன்னொருவர். ஒரே காலத்தில் பலர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எல்லாருக்கும் மேலே ஒருவர் என்று கிடையாது.

யார் அந்த இடத்துக்கு வருவார்? இதற்கான விளக்கம் பராக்கின் வாயிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கிறது. தொல்குடி வழக்கங்களைக் குறித்துவைத்த ஆல்ஃப்ரெட் ஹோவிட்டிடம் 1880களில் அவர் சொன்னது இது: ஒருவர் அறிவோடு நடந்து, நேராகப் பேசி, யாருக்கும் தீங்கு செய்யாதிருந்தால் மக்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள். அவருடைய தந்தையும் நுருங்கெட்டாவாக இருந்திருந்தால் அவர் நிச்சயம் நுருங்கெட்டா ஆவார். பிறப்பு கதவைத் திறக்கும். உள்ளே உட்காரவைப்பது நடத்தை.

சுருக்கமாக: எல்டர் என்பது வயதைக் குறிக்கும் சொல் அல்ல, ஆளும் பதவியும் அல்ல. ஒரு நிலத்துக்காகவும் அதன் மக்களுக்காகவும் பேசும் உரிமை அது. அந்த உரிமையை மக்கள் தருகிறார்கள். பெண்களிலும் எல்டர்கள் உண்டு.

அந்த அதிகாரம் எப்படி வேலை செய்தது

மெல்பர்னுக்கு வடக்கே லான்ஸ்ஃபீல்ட் ஊருக்குப் பக்கத்தில் வில்லியம் மலை என்று ஒரு மலை இருக்கிறது. கோடரி செய்யும் பச்சைக் கல் அங்கே கிடைக்கும். உடையாமல் கூராகும் கல் என்பதால் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தவர்களுக்கும் அது தேவைப்பட்டது. அந்தக் கல்சுரங்கத்தின் பொறுப்பு பில்லிபெல்லரியிடம் இருந்தது.

கல் வேண்டுமென்றால் நேரே போய் வெட்டி எடுக்க முடியாது. முதலில் பில்லிபெல்லரிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மாற்றாக என்ன தருவோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் போசம் தோலில் தைத்த போர்வை கொடுத்தார்கள். (போசம் என்பது மரத்தில் வாழும் பூனையளவு விலங்கு.) கல்லை அவர் வெட்டித் தருவார். ஒருமுறை கேட்காமல் ஒருவர் கல்லை எடுத்துவிட்டபோது நடந்ததையும் பராக் ஹோவிட்டிடம் சொல்லியிருக்கிறார். சண்டை மூளவில்லை. இரு குலத்தாரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். ‘இனி கேட்காமல் எடுக்கக்கூடாது’ என்று முடிவாயிற்று.

நிலத்துக்குள் வருவதற்கும் இதே முறைதான். வெளியார் வந்தால் எல்லையில் தங்கிக் காத்திருக்க வேண்டும். பிறகு டண்டெரம் என்ற வரவேற்புச் சடங்கு நடக்கும். விருந்தினருக்கு அந்த மண்ணின் மரக்கிளைகளும் உணவும் தருவார்கள். தண்ணீரை விருந்தளிப்பவர் முதலில் நாணல் குழலால் உறிஞ்சிக் குடித்துக்காட்டி, பிறகு கொடுப்பார். இதன் பொருள்: எங்கள் மண்ணின் நீரும் உணவும் இனி உனக்கும் உண்டு, தங்கியிருக்கும்வரை எங்கள் முறைப்படி நட. இன்று கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும் வரவேற்பின் வேர் இங்கே இருக்கிறது.

திருமணத்திலும் எல்டரின் சொல் வேண்டும். குலின் மக்கள் அனைவரும் இரண்டு பாதிகளில் ஒன்றில் பிறந்தவர்கள். ஒன்று பன்ஜில், அதாவது கழுகு. மற்றது வா, அதாவது காகம். ஒரே பாதிக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூடாது. பங்காளி வீட்டில் பெண் எடுக்காத நமக்கு இது உடனே புரியும். ஆகவே ஒவ்வொரு திருமணமும் இன்னொரு குலத்தோடு உறவு, அந்த உறவால் இன்னொரு நிலத்துக்குள் போகும் உரிமை.

சுருக்கமாக: கேட்பது, பரிசு தருவது, அனுமதி பெறுவது. இந்த மூன்று படிகளில்தான் எல்லாம் நடந்தன. அனுமதி தருபவர் எல்டர். இதை மனதில் வையுங்கள். பின்னால் வரப்போகும் ஒவ்வொரு குழப்பத்துக்கும் காரணம், ஒரு தரப்பு இந்த மூன்று படிகளில் நடந்துகொண்டிருந்ததும் மறுதரப்புக்கு அது தெரியாததும்தான்.

1835: ஒரே காரியம், இரண்டு பொருள்

1835 ஜூன் 6 அன்று டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஜான் பேட்மன் யாரா ஆற்றின் கிளை ஓடை ஒன்றின் கரையில் குலின் எல்டர்கள் எட்டுப் பேரைச் சந்தித்தார். கையில் ஆங்கிலத்தில் எழுதிய நிலப் பத்திரங்கள் இரண்டு. இரண்டு பத்திரங்களிலும் சேர்த்து சுமார் 6,00,000 ஏக்கர், அதாவது கிட்டத்தட்ட 2,400 சதுர கிலோமீட்டர். ஈடாகப் போர்வை, கத்தி, கைக்கோடரி, முகக்கண்ணாடி, கத்தரிக்கோல், மாவு. அவற்றை ஆண்டுதோறும் தருவதாகவும் எழுதியிருந்தது. பத்திரத்தில் இருந்தவர்களில் ஒருவர் பில்லிபெல்லரி. சுமார் 11 வயதுச் சிறுவனாக பராக்கும் அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பேட்மனின் பார்வையில் அது விற்பனை. எல்டர்களின் பார்வையில் என்னவாக இருந்திருக்கும்? வந்தவர் பரிசு கொண்டுவந்திருக்கிறார், தங்க அனுமதி கேட்கிறார். அது டண்டெரம். ஆண்டுதோறும் பரிசு வரும் என்பதும் அந்த உறவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் என்பதற்கே பொருந்தும். நிலத்தை விற்பது என்ற எண்ணமே அவர்கள் அமைப்பில் இல்லாதபோது, அவர்கள் விற்றார்கள் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

ஆனால் பத்திரத்தை ரத்து செய்தது எல்டர்களின் எதிர்ப்பு அல்ல. 1835 ஆகஸ்டில் ஆளுநர் ரிச்சர்ட் பர்க் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நிலம் முழுவதும் பிரிட்டிஷ் அரசருடையது, அரசைத் தவிர வேறு யாரிடமிருந்தும் அதைப் பெற முடியாது என்பது அதன் சாரம். பேட்மன் ஏமாற்றியிருக்கலாம். ஆனாலும் அந்த மண்ணுக்கு உரியவர்கள் உண்டு, அவர்களிடம் கேட்க வேண்டும் என்று அவர் காகிதத்திலாவது ஒப்புக்கொண்டார். பிரகடனம் அதையும் துடைத்துவிட்டது. உரிமையாளரே இல்லாத நிலமாகக் கருதும் இந்தக் கோட்பாட்டுக்கு டெரா நல்லியஸ் என்று லத்தீனில் பெயர். ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் இதை 1992-இல் மாபோ வழக்கில்தான் நிராகரித்தது.

‘மன்னர்’ என்ற பித்தளைத் தகடு

நிலத்துக்கு உரியவர்களாக எல்டர்களை ஏற்காத அரசுக்கு, பேசுவதற்கு மட்டும் யாராவது தேவைப்பட்டார்கள். 1815-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்வாரி, புங்கரி என்பவருக்குப் பிறை வடிவப் பித்தளைத் தகடு ஒன்றைக் கழுத்தில் மாட்டி ‘தலைவர்’ என்று எழுதிக்கொடுத்தார். அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. பண்ணையார்களும் தங்களுக்கு இணக்கமானவர்களுக்குத் தகடு கொடுத்து ‘கிங்’ என்றார்கள்.

தகடு என்ன செய்தது? பல எல்டர்கள் சேர்ந்து தாங்கிய பொறுப்பை ஒருவர் கழுத்தில் தொங்கவிட்டது. மக்கள் தந்த உரிமையை வெள்ளையர் தந்த பட்டமாக மாற்றியது. பட்டத்தின் பின்னால் அதிகாரம் ஏதும் இல்லாததால், பார்ப்பவர்களுக்கு அது ஏளனப் பொருளாகவும் ஆகிவிட்டது. பராக்கையும் பிற்காலச் செய்தித்தாள்கள் ‘யாரா இனத்தின் கடைசி மன்னர்’ என்று எழுதின. அவர் மன்னரும் இல்லை, கடைசியும் இல்லை. ‘கடைசி’ என்ற சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

போர்வை விஷயம்

இதை இங்கே சொல்லாமல் போனால் அந்த மக்கள் ஏன் அவ்வளவு வேகமாக நோயுற்றார்கள் என்பது புரியாது.

குலின் மக்களின் உடை போசம் தோல் மேலங்கி. தோலை மரப்பட்டையில் முளையடித்து விரித்துக் காயவைப்பார்கள். பிறகு சுரண்டி மென்மையாக்குவார்கள். சிப்பி ஓட்டாலோ கூரான கல்லாலோ உட்புறத்தில் கோடுகள் கீறுவார்கள். கங்காரு வால் நரம்பை நூலாக வைத்து, எலும்பு ஊசியால் துளையிட்டுத் தைப்பார்கள். வளர்ந்த ஒருவரின் மேலங்கிக்கு 50 தோல் வரை பிடிக்கும். குழந்தைக்குச் சிறிதாகத் தொடங்கி, வளர வளரத் தோல் சேர்த்துக்கொண்டே போவதும் உண்டு. உட்புறக் கோடுகள் அணிபவரின் குலத்தையும் நிலத்தையும் சொல்லும். மயிர்ப்புறத்தில் மழைநீர் வழிந்தோடிவிடும்.

காடு அழிந்து மேய்ச்சல் நிலமானதும் போசம் வேட்டைக்கு வழி குறைந்தது. அரசு ஆண்டுக்கு ஒருமுறை கம்பளிப் போர்வை கொடுத்தது. கம்பளி மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும், உலர நாளாகும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் குளிரில் ஈரப் போர்வையோடு படுத்தவர்களை மார்புச் சளியும் காசநோயும் பிடித்தன. அடையாளமும் போயிற்று, உடம்பும் போயிற்று.

நிலம் கேட்டது யார்?

‘அரசு இரக்கப்பட்டு அவர்களுக்கு முகாம் அமைத்தது’ என்று பலரும் எழுதுகிறார்கள். பராக்கின் மக்கள் பின்னர் வாழ்ந்த கோரண்டெர்க் என்ற இடத்தின் விஷயத்தில் இது முழுப்பொய்.

பராக் இளமையில் மிஷன் பள்ளியில் சிறிது காலம் படித்தார். 1844-இல் தொல்குடிக் காவற்படையில் சேர்ந்தார். வில்லியம் என்ற பெயர் அங்கே வந்தது. 1846-இல் பில்லிபெல்லரி இறந்தபின் அவர் மகன் சைமன் வொங்கா நுருங்கெட்டா ஆனார். வொங்காவும் பராக்கும் ஏறக்குறைய ஒரே வயது, அண்ணன் தம்பி முறை.

1859-இல் வொங்கா, டவுங்குருங் எல்டர்களை அழைத்துக்கொண்டு மெல்பர்ன் போய் அதிகாரியிடம் நிலம் கேட்டார். அவர்கள் கேட்டது சொந்த மண்ணில் ஒரு துண்டு, அதில் உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிட்டுப் பிழைக்க அனுமதி. அக்கரான் ஆற்றங்கரையில் இடம் கிடைத்தது. வேலியும் போட்டு விதைத்தும்விட்டார்கள். பக்கத்துப் பண்ணையார்கள் அரசை நெருக்கினார்கள். பயிரை விட்டுவிட்டு வேறு மோசமான இடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

1863 தொடக்கத்தில் வொங்காவும் பராக்கும் சுமார் 40 பேரோடு பிளாக் ஸ்பர் மலைத்தொடரைக் கடந்து, ஹீல்ஸ்வில் அருகே பேட்ஜர் ஓடை யாராவில் சேரும் இடத்துக்கு நடந்து வந்து இறங்கினார்கள். அங்கே வெள்ளைப் பூப் பூக்கும் புதர்ச்செடி நிறைய. அதன் பெயர்தான் கோரண்டெர்க்.

அந்த மே மாதம் அரசியின் பிறந்தநாள் விழாவுக்கு ஆளுநர் ஹென்றி பார்க்லியிடம் எல்டர்கள் போனார்கள். ஆயுதங்கள், தோல் போர்வைகள், பெண்கள் முடைந்த கூடைகள். எல்லாம் அரசிக்கும் இளவரசருக்கும் பரிசு. சில வாரங்களில் 2,300 ஏக்கர் ஒதுக்கப்பட்டதாக அரசிதழில் வந்தது. 1866-இல் அது 4,850 ஏக்கராக வளர்ந்தது.

இங்கேதான் அந்த மூன்று படிகளைத் திரும்பப் பாருங்கள். கேட்டார்கள், பரிசு கொடுத்தார்கள், பதில் வந்தது. அவர்கள் கணக்கில் ஒரு மக்களின் எல்டர்கள் இன்னொரு மக்களின் எல்டரான விக்டோரியா அரசியோடு செய்துகொண்ட உடன்பாடு அது. அதனால்தான் கோரண்டெர்க் மக்கள் பல ஆண்டுகள் கழித்தும் ‘அரசி எங்களுக்குக் கொடுத்த மண்’ என்றே சொன்னார்கள். அரசுக் கோப்பில் அது தற்காலிக ஒதுக்கீடு. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம்.

‘பாதுகாப்பு’ என்ற இயந்திரம்

1869-இல் விக்டோரியாக் குடியேற்றத்தின் அரசு ஒரு தொல்குடிப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதன்படி அமைந்த வாரியத்துக்குப் பாதுகாப்பு வாரியம் என்று பெயர். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லால் ஏமாற வேண்டாம். சட்டத்தின்படி எந்தத் தொல்குடி எங்கே வாழ வேண்டும், யாரிடம் எந்த ஒப்பந்தத்தில் வேலை செய்ய வேண்டும், அவர்கள் உழைப்பின் வருமானத்தை எப்படிப் பங்கிட வேண்டும், குழந்தைகள் யார் காவலில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அரசு தீர்மானிக்கலாம்.

எல்டரின் வேலையை வரிவரியாக எடுத்துப் பாருங்கள். யார் எங்கே வாழலாம், எது யாருக்குச் சேரும், பிள்ளைகளை எப்படி வளர்ப்பது. ஒன்று விடாமல் வாரியம் எடுத்துக்கொண்டது.

தொடக்கத்தில் இது அவ்வளவாக உறைக்கவில்லை. கோரண்டெர்க்கின் மேலாளர் ஜான் கிரீன் எல்டர்களைக் கலந்தே நடத்தினார். விதிமுறைகளை மக்களே கூடி முடிவு செய்தார்கள், மீறியவர்களை அவர்களே விசாரித்தார்கள். காடு வெட்டி வீடு கட்டினார்கள். 1872-இல் பீர் காய்ச்ச உதவும் ஹாப்ஸ் கொடியை நட்டார்கள். நல்ல விலைக்குப் போனது, கண்காட்சியில் பரிசும் வாங்கியது.

சிக்கல் அந்த லாபத்திலேயே இருந்தது. பணம் வாரியத்துக்குப் போயிற்று. உழைத்தவர்களுக்கு ஒழுங்கான கூலி இல்லை, இறைச்சி போதவில்லை. பாதி வயிற்றை வெளியே வேலை செய்தும் வேட்டையாடியும் கூடை விற்றும் நிரப்பினார்கள். நிலம் விளையும் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தவர் கண்ணும் விழுந்தது. 1874-இல் கிரீன் வெளியேற நேர்ந்தது. இடம் குளிர், மக்களின் நுரையீரலுக்கு ஆகாது, எல்லாரையும் மர்ரே ஆற்றுப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று வாரியம் பேசத் தொடங்கியது.

சுருக்கமாக: நிலத்தை எல்டர்கள் கேட்டு வாங்கினார்கள், மக்கள் உழைத்து விளைவித்தார்கள். சட்டம் அந்த விளைச்சலையும் முடிவெடுக்கும் உரிமையையும் வாரியத்திடம் கொடுத்தது.

பராக் என்ன செய்தார்

வொங்காவின் மறைவுக்குப்பின் 1875 வாக்கில் பராக் நுருங்கெட்டா ஆனார். அவரிடம் ஆயுதம் இல்லை, ஓட்டு இல்லை, பணம் இல்லை. நேராகப் பேசுவது என்ற பழைய கருவியைப் புதிய இடத்தில் பயன்படுத்தினார்.

மெல்பர்ன் சுமார் 60 கிலோமீட்டர். பராக் குழுவோடு நடந்தே போவார். வாரியத்தைத் தாண்டி நேராக அமைச்சரிடம். உரியவரிடம் நேரில் கேட்பதுதான் அவர்கள் முறை, இடைத்தரகரிடம் கேட்பதில்லை. கிரஹாம் பெர்ரி என்ற அரசியல்வாதியை அப்படித்தான் தம் பக்கம் கொண்டுவந்தார். ஆன் பான் என்ற பண்ணை உரிமையாளரான ஸ்காட்லாந்துப் பெண்மணியும் உறுதியாக நின்றார்.

இரண்டாவது கருவி மனு. இதில் வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். பராக்கும் மற்ற எல்டர்களும் என்ன சொல்வது என்று முடிவு செய்வார்கள். பள்ளியில் எழுதப் படித்த டாமி டனோலி, ராபர்ட் வாண்டின் போன்ற இளையவர்கள் அதைத் தாளில் இறக்குவார்கள். எல்லாரும் கையெழுத்தோ கைக்குறியோ இடுவார்கள். அமைச்சருக்கும் செய்தித்தாளுக்கும் போகும். மனுவைப் பார்த்த வாரியத்தார், வெள்ளையர் யாரோ எழுதிக்கொடுத்தது என்று சந்தேகித்தார்கள். இவர்களால் இப்படி எழுத முடியாது என்று அவ்வளவு நிச்சயமாக நம்பினார்கள்.

1881-இல் விசாரணைக் குழு உட்கார்ந்தது. 20-க்கும் மேற்பட்ட தொல்குடி ஆண்களும் பெண்களும் சாட்சி சொன்னார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். உணவின் அளவு, கூலி, துணி என ஒவ்வொன்றாக அவர்கள் சொன்னது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. பராக் கேட்டதைச் சுருக்கினால் ஒரே வரி: நிலத்தை எங்களிடம் விடுங்கள், நாங்களே நடத்துகிறோம், வருமானமும் எங்களிடம் வரட்டும். இந்தப் போராட்டத்தின் நடுவில், 1880களின் தொடக்கத்தில், அவருடைய மகன் டேவிட் காசநோயில் இறந்துபோனான்.

1884-இல் கோரண்டெர்க் நிரந்தர ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. எல்டர்கள் வென்றார்கள். 1886-இல் பெர்ரி லண்டனுக்குப் பதவியேற்கப் புறப்பட்டபோது பராக் குழுவோடு போய்ப் பரிசு கொடுத்து வழியனுப்பினார். உதவியவருக்குப் பரிசு தராமல் விடுவது அவர்கள் முறையில் கிடையாது.

34 வயது என்ற கத்தி

அதே 1886-இல் வாரியம் திருப்பி அடித்தது. புதிய சட்டம், 1887 ஜனவரி 1 முதல் நடைமுறை. கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களில் 34 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ‘தொல்குடி’ அல்ல என்று அது சொன்னது. அவர்கள் ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இரத்தத்தை அளந்து யார் எந்த மக்கள் என்று பிரிப்பது குலின் முறையில் இல்லவே இல்லை. அங்கே எந்தக் குலம், எந்தப் பாதி, யாருக்குப் பிள்ளை என்பதுதான் கேள்வி. சட்டம் அண்ணனை உள்ளேயும் தம்பியை வெளியேயும் வைத்தது.

யார் போனார்கள் என்று பாருங்கள். உழுதவர்கள், ஹாப்ஸ் பறித்தவர்கள், மனு எழுதியவர்கள். சுமார் 60 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வேலை செய்யக்கூடிய ஆண்கள் 15 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். பேச எல்டர் இருந்தார், எழுதக் கை இல்லை. நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. பிறகு ‘பயன்படுத்தாத நிலம்’ என்று சொல்லி 1893-இல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். எந்த மேல்விளக்கமும் இல்லாமல் இந்த ஒரு சட்டத்தைப் படித்தாலே ‘அவர்களால் விவசாயம் செய்ய முடியவில்லை’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

புதிய நாட்டில் எல்டரின் இடம்

1901 ஜனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து ஆஸ்திரேலியக் கூட்டரசு ஆயின. அரசியலமைப்பின் 127-ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தொல்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. 1902 வாக்குரிமைச் சட்டம் ஆஸ்திரேலியத் தொல்குடிகளுக்கு ஓட்டு இல்லை என்றது. (ஆசியாவின் பூர்வகுடியினருக்கும் அதே வரியில் இல்லை என்றது. அங்கே போய்ச்சேர்ந்த தமிழருக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது.) சில விதிவிலக்குகள் தவிர, தொல்குடிகளுக்கு 1962 வரை இதுதான் நிலை. 127-ஆம் பிரிவு 1967 பொதுவாக்கெடுப்புக்குப் பின் நீங்கியது.

இந்த நாட்டில் பராக் இரண்டரை ஆண்டு வாழ்ந்தார். அந்த முதிய வயதில் அவரைப் பார்க்க கோரண்டெர்க்குக்கு வெள்ளைப் பயணிகள் வந்துபோனார்கள். அவர் பூமராங் எறிந்து காட்டினார், கதை சொன்னார், படம் வரைந்தார். ‘காட்சிப்பொருள் ஆகிவிட்டார்’ என்று இதை எழுதுவது எளிது. ஆனால் அவர் வரைந்தவற்றைப் பாருங்கள். மண் வண்ணத்திலும் கரியிலும், சடங்கு ஆட்டங்கள். வரிசையாக நிற்கும் ஆண்கள். சுருட்டிய தோலைத் தட்டித் தாளம் போடும் பெண்கள். ஒவ்வொருவர் மேலங்கியிலும் வெவ்வேறு கோடுகள். வாரியம் சடங்குகளைத் தடுத்திருந்த காலம் அது. ஆட முடியாததை அவர் தாளில் வைத்தார். இளையவர்களுக்கு நிலத்தின் முறைகளைக் கற்றுத்தருவது எல்டரின் கடமைகளில் முக்கியமானது, அதை அவர் கைவிடவில்லை.

1903 ஆகஸ்ட் 15 அன்று இறந்தார். கோரண்டெர்க் இடுகாட்டிலேயே புதைத்தார்கள்.

‘கடைசி’ என்ற பொய்

பராக்கின் பிள்ளைகள் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அதை வைத்து ‘இனத்தின் கடைசி மனிதர்’ என்று எழுதினார்கள். ஆனால் அவருக்கு ஆனி போரெட் என்ற சகோதரி உண்டு. ஆனியின் மகன்தான் மனு எழுதிய ராபர்ட் வாண்டின். தமக்குப்பின் பொறுப்பேற்க பராக் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான். இன்றைய வுருண்ட்ஜெரி குடும்பங்கள் ஆனியின் வழி வந்தவை. தந்தைவழிப் பிள்ளை இல்லையென்றால் பரம்பரை முடிந்தது என்பது எழுதியவர்களின் கணக்கு.

கோரண்டெர்க் 1924-இல் மூடப்பட்டது. பெரும்பாலோரை லேக் டயர்ஸ் என்ற தொலைதூர முகாமுக்கு அனுப்பினார்கள். வயதான சிலர் போக மறுத்து அங்கேயே இருந்தார்கள். பின்னர் அந்த நிலத்தை, போரிலிருந்து திரும்பிய வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிரித்துக் கொடுத்தது அரசு. தொல்குடி மக்களுக்கு மிஞ்சியது இடுகாடு. 1990களின் இறுதியில் நிலத்தின் ஒரு பகுதி வுருண்ட்ஜெரி மக்களிடம் திரும்பி வந்தது.

2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் பராக்கின் ஓவியம் ஒன்றும் அவர் செதுக்கிய கேடயம் ஒன்றும் வந்தன. ஓவியத்தில் போசம் தோல் மேலங்கி போர்த்த பெண்கள். இரண்டும் அவர் தம் காலத்தில் யாரா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சுவிஸ் குடும்பத்துக்குக் கொடுத்தவை. வுருண்ட்ஜெரி மக்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், விக்டோரியா அரசும் பணம் கொடுத்தது. ஏலத்தில் வென்று இரண்டையும் வாங்கி, அவை உருவான மண்ணுக்கே கொண்டுவந்தார்கள்.